அன்னம்மாள் மெதுவாகப் பேசினாள்

14

கப்பல் வந்துவிட்டால் அந்தமானின் கராச்சர்மாவில் வெங்காயத்தின் விலை இறங்கும், பெண்களின் குரல் ஏறும். யார் வந்தார்கள், யாருக்கு என்ன வந்தது, யாருக்கு ஒன்றுமே வரவில்லை என்பதையெல்லாம் தண்ணீர்க் குழாயடியில் பேசி முடிக்க இரண்டு நாளாவது ஆகும்.

முந்தாநாள் வந்த கப்பலில் ஜெயமணி வீட்டுக்கு ஒரு கேசட் வந்திருந்தது. அது அவள் கைக்கு வந்து சேர்வதற்கு முன்பே குழாயடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

கண் ஆபரேஷன் என்று ஜெயமணியின் அம்மா அன்னம்மாள் கப்பலேறியது பொங்கல் முடிந்த கையோடு. ஆபரேஷன் ஆயிற்று, கட்டும் பிரித்தாயிற்று. மானாமதுரையில் தம்பி வீட்டில் இருக்கிறாள். இங்கே மழையே பிடித்துவிட்டது, ஆள் திரும்பவில்லை. ‘டாக்டர் இன்னொரு தடவ வரச் சொல்லிருக்காரு’ என்பதுதான் ஒவ்வொரு கப்பலிலும் வருகிற பதில். எந்த டாக்டர் இத்தனை தடவை வரச் சொல்வார் என்று தெரு கேட்டது. ஜெயமணியும் கேட்டுக்கொண்டாள், மனசுக்குள்.

அவளுடைய அப்பா ஜம்புலிங்கம் மட்டும் எதையும் கேட்கவில்லை. கேட்கவும் அவருக்குக் காது போதாது. லாங் ஐலண்ட் தீவில் மரம் அறுக்கிற மில்லில் வாளுக்குப் பக்கத்திலேயே அவருடைய வாலிபம் கழிந்தது. இப்போது காதருகே போய்க் கத்தினால் பாதி விழும். மீதியை முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொள்வார். மனைவியைக் கூட்டிவர, நாளைக் காலை திரும்பும் அதே கப்பலில் டிக்கெட் எடுத்து வைத்திருந்தார்.

“அவ வரமாட்டேன்னு சொல்லலையே! கூட்டியாற ஆள் இல்லாம இருக்கா!” என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டு, பெட்டியை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஜெயமணி அபர்தீன் பஜாருக்குப் பஸ் ஏறினாள்.

---

உதயசூரியனின் ரேடியோ ரிப்பேர்க் கடை பஜாரின் சரிவில் இருந்தது. மெட்ராஸில் ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் எடுபிடியாக இருந்து, முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு கப்பலேறியவன். சம்பளத்துக்குப் பதிலாக அங்கிருந்து கொண்டுவந்தது ஒரே ஒரு சாமான்தான்: பாடகர்கள் பாடும்போது தலையில் மாட்டிக்கொள்கிற பெரிய ஹெட்போன். இட்லிச் சட்டி மூடி மாதிரி இரண்டு பக்கமும் காதை முழுசாக அடைக்கும். சுருட்டை வயர். அதைக் கடையில் ஆணியடித்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்திருந்தான்.

“அது எனக்கு இன்னிக்கு வேணும்” என்றாள் ஜெயமணி.

“வணக்கம்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கேட்டா பி.ஏ. டிகிரியைப் பிடுங்கிக்குவாங்களா?”

“தருவீங்களா, மாட்டீங்களா?”

அவள் மேஜைமேல் வைத்த சின்ன டேப் பெட்டியை உதயசூரியன் திருப்பிப் பார்த்தான். தோளில் மாட்டிக்கொள்ளலாம், பேட்டரியில் ஓடும். நூர்முகம்மது கடையில் தவணையில் வாங்கியது. பாட்டு கேட்கலாம், பேசியும் பதியலாம்.

“இது பாக்கெட் பால் குடிக்கிற பிள்ளை. அது ஸ்டுடியோ சாமான். பெரிய மிஷினுக்குன்னே செஞ்சது. இந்தப் பெட்டியால அதைத் தள்ள முடியாது” என்றான்.

“தள்ள முடியாதுன்னா?”

“சைக்கிள் டைனமோவை வச்சுத் தெருவிளக்கை எரிக்கிற மாதிரி. எரியும். ஆனா எரியுதான்னு கிட்டப் போய்ப் பார்க்கணும்.”

“சத்தத்தை ஃபுல்லா வச்சா?”

“வச்சா உங்களுக்குக் கேட்கும். உங்கப்பாவுக்கு...”

“எங்கப்பா காதைப் பத்தி நான் உங்ககிட்ட வைத்தியம் கேட்கலை.”

அவன் பற்றவைக்கிற கோலை எடுத்தான். ஹெட்போனின் முனை பென்சில் பருமன், பெட்டியின் ஓட்டையோ தீக்குச்சி பருமன். இரண்டையும் சேர்க்க ஒரு துண்டு வயரைப் பற்றவைத்துக் கொடுத்தான். அவளுடைய கோபம் புதிதல்ல என்பதால் அவன் முகம் கோணவில்லை.

“ஒண்ணு மட்டும் கேட்டுக்குங்க. இந்தப் பின் லூசு. இது மாட்டியிருக்கிற வரைக்கும் பெட்டி ஊமை. கழண்டா ஸ்பீக்கர் பேச ஆரம்பிச்சுடும். சத்தத்தை ஃபுல்லா வச்சுட்டுக் கழட்டிடாதீங்க. முதல்ல குறைக்கணும், அப்புறம்தான் கழட்டணும்.”

“தெரியும்” என்றாள் ஜெயமணி. தனக்குத் தெரியாது என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்தே வளர்ந்தவள். குடும்பத்தில் முதல் பட்டதாரிக்கு ‘தெரியாது’ என்பது வாயில் வராத வார்த்தை.

அங்கேயே மாட்டிக்கொண்டு கொஞ்சம் கேட்டாள். சத்தத்தைக் கடைசிவரைக்கும் திருகிய பிறகு, அம்மா எங்கோ கிணற்றடியிலிருந்து பேசினாள். மணி நல்லா இருக்கியா, கோழி முட்டையிடுதா, பொன்னம்மாக்கா பொண்ணுக்குப் பிரசவம் எப்ப, வங்காளி வீட்டு மாசிமாவுக்கு முட்டுவலி தேவலையா... ஒவ்வொரு பெயராக வந்தது.

ஜெயமணிக்கு மனசு லேசாயிற்று. பஸ் ஹாரன் கேட்டது. மீதியை அப்பாவோடு சேர்ந்து கேட்டுக்கொள்ளலாம் என்று பெட்டியை நிறுத்தினாள்.

---

இந்தத் தெருவில் கேசட் வந்தால் ஒரு முறை இருக்கிறது. அதை யாரும் எழுதி வைக்கவில்லை, மீறியதும் இல்லை. பெட்டியை வாசலில் ஸ்டூல்மேல் வைக்க வேண்டும். தெரு கூட வேண்டும். மெயின்லேண்டில் பேசியவர் ஒவ்வொரு வீட்டையும் பேர் சொல்லி விசாரித்திருக்க வேண்டும். பேர் விட்டுப்போன வீடு ஒரு வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகும்.

போன தடவை வந்த கேசட்டையும் அப்படித்தான் வைத்தார்கள். அதில் அன்னம்மாள், “கண்ணு பரவால்ல, ஆனா...” என்று சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் வேறு எதையோ பேசினாள். அந்த ‘ஆனா’வைத் தெரு வெற்றிலை போல மென்று துப்பியது. ஆனா என்னவாம்? ஆனா ஏன் நிறுத்தினா? ஆனா புருஷனைப் பத்தியா?

அன்றைக்கே ஜெயமணி ஒரு கேசட்டில் பேசி அடுத்த கப்பலில் அனுப்பினாள். ‘அம்மா, இனிமே உன் கேசட்டை வெளியே வைக்க மாட்டேன். காதுல மாட்டிக் கேட்கிற சாமான் ஏற்பாடு பண்ணிடறேன். ஒரு ஈ காக்காய்க்குக் கேட்காது. மனசுல உள்ளதைப் பேசு.’

அம்மா பேசி அனுப்பிவிட்டாள்.

“ஏத்தா ஜெயமணி! கேசட்டு வந்துச்சாமே! பொட்டியத் தூக்கி வெளிய வையி, ஜல்தி!” வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள் பொன்னம்மா. அவளும் நாளைக் கப்பலில் மகள் பிரசவத்துக்குப் போகிறாள், பக்கத்துவீட்டு ஜம்புலிங்கத்தோடு சேர்ந்தே கிளம்புவதாகப் பேச்சு. அவளுக்குப் பின்னால் தெருவில் பாதி நின்றது.

“இந்தத் தடவை வெளிய வைக்கலை அத்தை. வீட்டு விஷயம்.”

“வீட்டு விஷயமா! க்யா பாத்! உப்பு இல்லன்னு ஒங்காத்தா ஒங்கப்பன்ட்டச் சொன்னா பஸ் ஸ்டாப்புல நிக்கிறவன் உப்பு வாங்கிட்டு வந்துருவான். இப்ப என்ன புதுசா வீட்டு விஷயம்?”

எல்லோரும் சிரித்தார்கள். ஜெயமணிக்குக் காது சிவந்தது. “எல்லாரையும் விசாரிச்சுருக்காங்க. போதுமா?” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தப் போனாள். புழுக்கம். சாத்தினால் அப்பா மூச்சு முட்டிப் போவார். திறந்தே விட்டாள்.

ஜம்புலிங்கம் தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். வேலிப் பக்கத்திலிருந்து ஒருத்தி, “அண்ணன் பிளேன் ஓட்டப் போறாரு டோய்” என்றாள். அவருக்கு அதெல்லாம் விழவில்லை. மடியில் கை வைத்து, கோயிலில் உட்காருகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். ஜெயமணி கேசட்டை முதலிலிருந்து ஓடவிட்டு, சத்தத்தைக் கடைசிவரைக்கும் திருகினாள்.

“கேக்குதாப்பா?” என்று ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் தூக்கிக் கத்தினாள்.

“கேக்குது! நல்லாக் கேக்குது!”

அவர் தலையாட்டினார். சிரித்தார். நடுவில் ஒரு தடவை “ஆமாமா” என்றார். அம்மா பேசுகிறாள், அப்பா கேட்கிறார், வீடு அமைதியாக இருக்கிறது. இப்படி ஒரு காட்சியை அவள் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் நன்றாகப் பார்க்கட்டும் என்று நினைத்துக்கொண்டு டீ போட உள்ளே போனாள்.

கொதிக்கிற தண்ணீரில் தூளைப் போட்டிருப்பாள். பொன்னம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “அண்ணே, காலைல கப்பல் ஜெட்டிக்கு எப்படிப் போறோம்?” என்று கேட்டபடி படியேறி வந்துவிட்டாள். பெண்பிள்ளை வாசலுக்கு வந்து நிற்கிறாளே என்று ஜம்புலிங்கம் மரியாதையாக எழுந்தார். தலையில் வயர் இருப்பதை மறந்தார்.

பின் கழன்றது.

“...மணி, நீ சொன்னேல்ல, ஆரும் கேக்க மாட்டாக, மனசுல உள்ளதப் பேசுன்னு. அதான் பேசுறேன்...”

அன்னம்மாள் தெரு முழுவதும் பேசினாள். அவள் மூச்சுவிடுவது கேட்டது. மானாமதுரையில் ஏதோ ஒரு சேவல் கூவுவது கேட்டது.

ஜெயமணி டம்ளரைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். கை பெட்டிமேல் போய்விட்டது. அதற்குள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

“அன்னம்மா!” என்றார் ஜம்புலிங்கம். ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, பெட்டியோடு காதை ஒட்டிக்கொண்டார். “மணி, ஒங்கம்மா! ஒங்கம்மா பேசுறா!” அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அந்தச் சந்தோஷத்தை அமுக்க அவள் விரலுக்கு மனசு வரவில்லை. ஒரு பொத்தான்தான். அமுக்கியிருக்கலாம்.

“இங்க தம்பி பொண்டாட்டியும் நானும் அடுப்படில ஒக்காந்து மெதுவாப் பேசிக்கிறோம். மெதுவா, மணி. நான் இம்புட்டு மெதுவாப் பேசி எத்தன வருசமாச்சு. ஒங்கப்பாட்ட, நா முழுகாம இருக்கேன்னு சொன்னதையும் கத்தித்தான் சொன்னேன். ஒனக்கப்பறம் ஒண்ணு உண்டாகி அது கலைஞ்சப்பயும் கத்தித்தான் சொன்னேன். தெருவே வந்து நின்னுச்சு. ரத்தத்தோட படுத்துக்கெடந்து கத்துறேன் மணி. அவருமேல தப்பில்ல. காத மில்லு தின்னுருச்சு. அவரு நல்ல மனுசன். ஆனா என்னால முடியல. கத்திக் கத்தி என் கொரலே எனக்குப் புடிக்காமப் போச்சு. நா அங்க வரல. அவருகிட்டச் சொல்லிராத. கண்ணு இன்னும் சரியாகலன்னு...”

ஜெயமணி அமுக்கினாள். இப்போது அமுக்கி என்ன பயன்?

வேலியோரம் நின்றவர்கள் கண்ணை இறக்கிக்கொண்டார்கள். வங்காளி வீட்டு மாசிமா மட்டும் எல்லார் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, “க்யா போலா? க்யா போலா?” என்று இந்தியில் கேட்டாள். அன்னம்மாள் என்ன சொன்னாள் என்று யாரும் சொல்லவில்லை. தமிழ் தெரியாத அந்த ஒரு மனுஷிதான் அந்த நேரத்தில் தனக்குச் சொந்தம் என்று ஜெயமணிக்குத் தோன்றியது.

பொன்னம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கினாள். ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். செருப்புச் சத்தம்கூட இல்லை. வம்பு பேச வந்தவர்கள் இப்படிச் சாவு வீட்டிலிருந்து போகிற மாதிரி போனதைத்தான் ஜெயமணியால் தாங்க முடியவில்லை. சிரித்துத் தொலைத்திருக்கலாம்.

---

ஜம்புலிங்கம் ஹெட்போனைக் கழுத்திலிருந்து எடுத்தார். வயரைச் சுருட்டினார். பதமாக மேஜைமேல் வைத்தார்.

“அப்பா! நான்தாம்பா பேசச் சொன்னேன்! யாருக்கும் கேட்காதுன்னு நான்தான் சொன்னேன்!”

“கேட்டுச்சு” என்றார். “அதுவும் கேட்டுச்சு.”

“முன்னாடி ஹெட்போன்ல என்ன கேட்டீங்க?” என்று காதருகே கத்தினாள்.

அவர் தயங்கினார். “அதுல ஒண்ணும் கேக்கலத்தா. நீ ஆசையா கொண்டாந்தியே... அதான் சும்மா தலையாட்டுனேன்.”

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவர் அவ்வளவு நேரம் சிரித்தது சுழல்கிற சக்கரத்தைப் பார்த்து. ‘ஆமாமா’ என்றது யாருக்கும் இல்லை. கிணற்றடியில் பேசுகிற மாதிரி தனக்கே கேட்டது, காது போன மனுஷருக்கு எப்படிக் கேட்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். அந்த ரேடியோக்காரன் சொல்லத்தான் வாயெடுத்தான். அவள்தான் அவன் வாயை அடைத்தாள். அப்பாவையும் அம்மாவையும் தெருவையும், எல்லாரையும் தானே திருத்திவிடலாம் என்று நினைத்தாள். படித்த திமிர். வேறு என்ன பேர் வைப்பது?

“அந்தப் புள்ள கலைஞ்சப்போ...” ஜம்புலிங்கம் ஜன்னலைப் பார்த்துப் பேசினார். “அவ சொன்னது எனக்கு வெளங்கல. என்ன, என்னன்னு கேட்டேன். மறுபடி சொன்னா. மறுபடியும் என்னன்னு கேட்டேன். பாவி.”

ஜெயமணி அவருடைய காலைப் பிடித்துக்கொண்டாள். என்ன சொல்லித் தேற்றுவதானாலும் அதைக் கத்தித்தான் சொல்ல வேண்டும்.

கொஞ்ச நேரத்துக்குப் பிறகு அவரே எழுந்தார். டிக்கெட்டைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து அலமாரிக்கு மாற்றினார்.

“நா போகல. நா போய் நின்னா அவ மறுபடி கத்தணும்.” பிறகு பெட்டியைக் காட்டினார். “இதுல நா பேசி அனுப்பலாமா?”

பதில் பேச என்று வாங்கி வைத்த புதுக் கேசட் இருந்தது. அதைப் போட்டு, சிவப்புப் பொத்தானையும் சேர்த்து அமுக்கிக் கொடுத்தாள்.

“அன்னம்மா!” என்றார். பெட்டியின் சின்னக் கண்ணாடிக்குள் சத்தத்தின் அளவைக் காட்டுகிற முள் மறுகோடிக்குப் போய் முட்டியது. வேலிமேல் இருந்த காக்கை பறந்தது.

அவர் சட்டென்று நிறுத்தி மகளைப் பார்த்தார். “சத்தமாப் போச்சோ?”

அவள் கையைத் தாழ்த்திக் காட்டினாள். அவர் குரலை இறக்கினார். இன்னும் என்றாள். இறக்கினார். இப்போது சரியான குரல். எல்லா வீட்டிலும் எல்லாப் புருஷன்களும் பேசுகிற குரல். போதும் என்று தலையாட்டினாள். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. தொண்டையில் கை வைத்துப் பார்த்தார். உள்ளே அதிர்ந்தது. தலையை அசைத்து, இன்னும் இறக்கினார். கடைசியில் கைக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. முகம் தெளிந்தது. அப்புறம்தான் பேச ஆரம்பித்தார்.

உதடு மட்டும் அசைந்தது.

முள் எழவில்லை. ஜெயமணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா என்னென்னவோ சொன்னார். ஒரு இடத்தில் கண்ணைக் காட்டி ஏதோ கேட்டார். ஒரு இடத்தில் சிரித்தார். ஒரு இடத்தில் நிறுத்தி, வேட்டி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்தார். அவர் இவ்வளவு நேரம் அம்மாவோடு பேசி அவள் பார்த்ததே இல்லை. நிறுத்திச் சொல்லலாம். சொன்னால் முதலிலிருந்து பேசுவாரா? இன்றைக்கு ஒரு தடவை நிறுத்தாமல் விட்டதற்கு என்ன ஆயிற்று என்று பார்த்தாயிற்று. நிறுத்தினால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. ‘தெரியவில்லை’ என்று அவளே தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

டேப் அது பாட்டுக்கு ஓடியது.

பொழுது சாய்கிற நேரத்தில் பொன்னம்மா மூட்டை முடிச்சோடு வந்து படிக்குக் கீழேயே நின்றாள். ஜெட்டிக்குப் பக்கத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டுக் காலையில் கப்பலேறப் போகிறாளாம்.

“ஜெயமணி,” என்றாள். ஏத்தா இல்லை, கேலி இல்லை. “அண்ணன் வரலயாமே. மதினிக்கு எதுனாச்சும் குடுக்கணும்னா குடு தாயி. பத்தரமா சேத்துருவேன்.”

ஜம்புலிங்கம் கேசட்டை எடுத்துக்கொண்டு அவரே இறங்கிப் போனார். “அவ கைலதான் குடுக்கணும்! வேற ஆரும் கேக்கப்படாது!” என்று சொன்னார். பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டது.

பொன்னம்மா அதைத் துணிப்பையின் அடியில் வைத்தாள். பஸ் விளக்கு திருப்பத்தில் தெரிந்தது. ஜெயமணி ஓரடி எடுத்து வைத்தாள். அத்தை, அதில் ஒன்றும் இல்லை, கொடுத்துவிடுங்கள் என்று வாய்வரை வந்தது.

அப்பா அவள் பக்கம் திரும்பினார். “சொல்லு மணி. சத்தமாப் பேசிட்டேனோ?”

“இல்லப்பா” என்றாள்.

அவர் காதைச் சாய்த்துக்கொண்டு கிட்டே வந்தார். “என்ன?”

பொன்னம்மா பஸ் படியில் காலை வைத்தபடி திரும்பிப் பார்த்தாள். வேலியோர வீடுகளில் விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தவர்களும் திரும்பினார்கள்.

“இல்லப்பா!” என்று கத்தினாள் ஜெயமணி. “மெதுவாத்தான் பேசுனீங்க!”